கேட்டுவிடுகிற மாமி

கல்யாணமாகி லப்பைக்குடிக்காட்டுக்கு வந்த முதல் நாள், பெண்களெல்லாம் என்னைச் சுற்றி உட்கார்ந்து நகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு மாமி மட்டும் நகையைப் பார்க்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"ஏம் புள்ள, அவனைப் புடிச்சுக் கட்டிக்கிட்டியா, வூட்ல சொன்னாங்கன்னு கட்டிக்கிட்டியா?"

என் மாமியார், "வந்த பொண்ணுகிட்ட இதெல்லாமா கேப்பாங்க?" என்று பல்லைக் கடித்தார். மாமி அவர் பக்கம் திரும்பவே இல்லை. பதில் வரட்டும் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது.

"ரெண்டும்தான் மாமி" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, தட்டில் இருந்த இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த ஊரில் என்னை ஒரு மனுஷியாக நினைத்து ஒரு விஷயம் கேட்டவர் அவர் ஒருவர்தான் என்று, எல்லாரும் போன பிறகுதான் தோன்றியது.

அவருடைய குணத்தைச் சொல்வதென்றால் இவ்வளவுதான்: மனதில் ஒரு கேள்வி வந்தால் கேட்டுவிடுவார். நாமெல்லாம் ஒரு கேள்வியை வாய் வரைக்கும் கொண்டுவந்து, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, இடத்தைப் பார்த்து, திரும்ப விழுங்கிவிடுகிறோம் இல்லையா? அந்த விழுங்குகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கறிக்கடையில், "இது இன்னைக்கு அறுத்ததா, நேத்தி மிச்சமா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பார். மவுத்தான வீட்டில் அழுதுகொண்டிருப்பவளின் பக்கத்தில் போய், "நீ சாப்ட்டியா, இல்லையா? நெசத்தைச் சொல்லு" என்பார். பெரம்பலூரில் ஒரு டாக்டரிடம் அவரை நான் கூட்டிப்போனேன். டாக்டர் சீட்டில் எழுத எழுத, "இந்த மாத்திரையைத் திங்கலைன்னா என்ன ஆவும்?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாரும் உங்களை மாதிரி கேட்டா நான் எப்பம்மா வீட்டுக்குப் போறது?" என்றார்.

"எத்தனை மணிக்குப் போவீங்க?" என்று கேட்டார் மாமி. கிண்டலில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டார்.

நான் அப்படியே நேர்மாறு. அரியலூரில் என் பிறந்த வீட்டில், கேட்காமலே எல்லாம் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதுதான் சட்டம். அத்தா செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே அவர் கோபமாக இருக்கிறாரா இல்லையா என்று நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். ஏன் கோபம் என்று கேட்கமாட்டோம். பஸ்ஸில் சில்லறை வரவேண்டியிருந்தால்கூட நான் கண்டக்டரைக் கேட்காமல் இறங்கிப் போகிற ஆள். அதனால் மாமியைப் பார்க்க ஆரம்பத்தில் எனக்குப் பயம்தான். கூடவே, திருவிழா ராட்டினத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு ஆசையும் இருந்தது.

அவர் ஏன் இப்படி ஆனார் என்பதற்குப் பின்னால் ஏதாவது பெரிய சோகம் இருக்கும் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன். அவருடைய கணவர் சீக்கிரமே இறந்துபோனவர். ஒருநாள் சுற்றி வளைத்து அதைப் பற்றி ஆரம்பித்தேன். மாமி அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் ஒரு கதை வேணுமா ஒனக்கு? நான் பொறந்ததுலேருந்தே இப்படித்தான் புள்ள. ஓதுற பள்ளியில சொல்லிக்குடுக்கற அசரத்துகிட்டயே கேட்டு அடி வாங்கியிருக்கேன். அடக்கிப் பாத்தேன், தொண்டையில வந்து நிக்குது. அவ்ளோதான்."

இந்தக் குணத்தால் அவர் பட்டதும் உண்டு. அவருடைய நாத்தனார் மகளுக்கு நிச்சயம் பேசுகிற இடத்தில் ஒன்று நடந்தது. மாப்பிள்ளை துபாயில் 'கம்பெனியில்' இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊரில் அந்த ஒரு வார்த்தைக்குள் எல்லா வேலையும் அடங்கிவிடும். யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை. டீ கொடுத்து முடித்ததும் மாமி மாப்பிள்ளையையே பார்த்துக் கேட்டார்.

"கம்பெனின்னா ஆபீஸுக்குள்ளயா தம்பி, வெயில்லயா?"

அந்தப் பையன் தன் அப்பாவை ஒரு தடவை பார்த்தான். பிறகு, "வெயில்லதான் மாமி. கம்பி கட்டற வேலை" என்றான்.

பெண்ணின் அப்பாவிடம் மாப்பிள்ளை சூப்பர்வைசர் என்று சொல்லப்பட்டிருந்தது. பெரியவர்களுக்குள் குரல் ஏறியது. சம்பந்தம் முறிந்தது என்றே எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அப்போது உள்ளே இருந்த பெண், தன் அம்மாவைக் கூப்பிட்டு, "கேட்ட ஒடனே உள்ளதைச் சொன்னாருல்ல, அவரே போதும்மா" என்று சொல்லியிருக்கிறாள். கல்யாணம் நடந்தது. ஆனால் மாமிக்கு அழைப்பு வரவில்லை. சபையில் மானத்தை வாங்கியவள் என்று நாத்தனார் வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நிக்காஹ் அன்றைக்கு மாமி தன் வீட்டில் ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்கு மேல், கல்யாணப் பெண் யாருக்கும் தெரியாமல் ஒரு சட்டி பிரியாணி அனுப்பியிருந்தாள். மாமி அதை என்னோடு பங்கு போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

"வருத்தமா இல்லையா மாமி?"

"இருக்காதா பின்ன? நல்ல கறி, சூடா உக்காந்து தின்னுருக்கலாம்" என்றார்.

ஒன்று சொல்லவேண்டும். ஒரு வீட்டில் கேட்ட பதிலை அவர் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனதே இல்லை. தெருவில் மற்றவர்கள் யாரையும் எதுவும் கேட்பதில்லை, ஆனால் எல்லாவற்றையும் பேசுவார்கள். மாமி எல்லாவற்றையும் கேட்பார், எதையும் பேசமாட்டார். இந்த வித்தியாசம் எனக்குப் புரிய, என் வீட்டிலேயே ஒன்று நடக்கவேண்டியிருந்தது.

என் கணவர் சவுதியில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். தினமும் இரவு இஷா தொழுகை முடிந்து போன் வந்துவிடும். ஒரு வருஷம் அது குறைய ஆரம்பித்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை, பிறகு வாரத்துக்கு ஒருமுறை. முகம் காட்டிப் பேசுவது நின்றுபோனது. நெட் சரியில்லை என்றார். "சாப்ட்டியா? அம்மா நல்லாருக்கா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பக்கத்துத் தெருவில் ஒருத்தியின் கணவர் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார் என்ற செய்தி அப்போது ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் நுழைந்ததும் பேச்சு மாறியது, அவ்வளவுதான். கேட்காமலே புரிந்துகொள்ளப் பழகியவள் நான். புரிந்துகொண்டுவிட்டதாகவே நினைத்தேன். என் கணவர் அங்கே கட்டிக்கொண்ட பெண் எப்படி இருப்பாள் என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தேன். மலையாளப் பெண் என்று ஏனோ தோன்றியது. நர்ஸ் வேலை. நல்ல முடி.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். மாமி வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ஏன் இப்படி எளைச்சுட்ட?"

"ஒண்ணுமில்ல மாமி."

"அவன் பேசறானா?"

"பேசறாரு."

"என்ன பேசறான்?"

"சாப்ட்டியான்னு கேப்பாரு."

"அப்புறம்?"

நான் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ என்ன கேட்ட?"

"நான் ஒண்ணும் கேக்கல."

"ஒனக்கு என்ன சந்தேகம்னு எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது. நல்லாருக்கு போ" என்றார்.

ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் தெருவில் வந்துகொண்டிருந்த நேரம் போன் அடித்தது. அவர்தான். நான் எடுத்து ஸலாம் சொல்லி முடிப்பதற்குள், மாமி கையை நீட்டினார். கொடுக்கவேண்டாம் என்று மனது சொன்னது, ஆனால் கை கொடுத்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தார்.

"நான் எதிர்த்த வூட்டு மாமி பேசறேன்ப்பா. நல்லாருக்கியா? சரி, நேராக் கேட்டுடுறேன். அங்க வேற யாரையாவது கட்டிக்கிட்டியா?"

நான் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். லைன் அறுந்துவிட்டதா என்றுகூட நினைத்தேன். பிறகு ஒரு சிரிப்பு கேட்டது. அது சிரிப்பாகத் தொடங்கி, பாதியில் வேறு ஏதோவாக மாறியது. என் கணவர் அழுது நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"சோத்துக்கே பள்ளிவாசல்ல போயி நிக்கறேன் மாமி. எனக்கு யாரு மாமி ரெண்டாவதா பொண்ணு குடுப்பா?"

கம்பெனி மூடிப் பல மாதம் ஆகியிருந்தது. சம்பளம் கிடையாது. ஊர்க்காரப் பையன்கள் இருந்த ரூமில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டிருந்தார். தாடியும் இளைத்த முகமும் தெரிந்துவிடுமே என்றுதான் முகம் காட்டாமல் பேசியிருக்கிறார். பெரிய வேலையில் இருக்கிறான் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் எப்படிச் சொல்வது, என்னிடம் எப்படிச் சொல்வது என்று அவரும் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மாமி அழவுமில்லை, அவரைத் திட்டவுமில்லை. கேட்டுக்கொண்டே போனார். ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே? பாஸ்போர்ட் யாருகிட்ட இருக்கு? போலீஸு கீலீஸு பிரச்சினை இருக்கா? ஒவ்வொரு கேள்விக்கும் அவர் பதில் சொல்லச் சொல்ல, அவர் குரல் எனக்குத் தெரிந்த குரலாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. கடைசியாக மாமி கேட்டார்.

"இப்ப ஒனக்கு வரணுமா, இருக்கணுமா?"

"வரணும் மாமி. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?"

"இருக்கற மூஞ்சிய வச்சுக்கிட்டு வா" என்றார் மாமி. போனை என் கையில் திணித்துவிட்டுக் கீரையை உருவத் தொடங்கினார்.

கணவனுக்கு வேலை போய்விட்டது என்று கேட்டுச் சந்தோஷத்தில் அழுத பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அன்றைக்கு எனக்குப் பசித்த பசி இன்னும் நினைவில் இருக்கிறது. பழைய சோற்றை எடுத்துப்போட்டு, ஊறுகாயோடு, சட்டி காலியாகும் வரைக்கும் சாப்பிட்டேன். அவர் ஊர் வந்து சேர இன்னும் சில மாதம் பிடித்தது. வந்தவர் இங்கேயே பெரம்பலூரில், துறைமங்கலம் பக்கம் சின்னதாக ஒரு ஏசி ரிப்பேர் கடை போட்டார். நாங்கள் அங்கேயே குடிவந்துவிட்டோம். பெரம்பலூர் வெயில் எங்களைக் காப்பாற்றுகிறது என்று அவர் சொல்வார்.

குடிவந்த பிறகும் மாதம் ஒரு தடவையாவது மாமியைப் பார்க்கப் போவேன். அப்படிப் போன ஒரு தடவைதான், மாமியின் மகன் இம்ரான் ஊருக்கு வந்து நெடுநாள் ஆகிவிட்டது என்பது எனக்கு உறைத்தது. இம்ரான் அவருக்கு ஒரே பிள்ளை. சென்னையில் வேலை. மனைவி ஷாஹிதாவும் அங்கேதான். கல்யாணமான புதிதில் எல்லாப் பெருநாளுக்கும் வருவார்கள். பிறகு ஒரு பெருநாளுக்கு லீவு இல்லை என்றார்கள். அடுத்ததற்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அதற்கடுத்து காரணம் சொல்வதும் நின்றுபோனது. மாமி சேமியாவைக் காய்ச்சித் தெருவுக்கெல்லாம் கொடுத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருப்பார்.

"என்னன்னு இம்ரானைக் கேட்டீங்களா மாமி?"

"அவனுக்கு என்ன வேலையோ."

இந்த மாதிரி ஒரு பதிலை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எங்கள் அரியலூர் வீட்டுப் பதில் அது.

"நீங்கதான் எல்லாரையும் கேப்பீங்களே, இதைக் கேளுங்களேன்."

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மத்தவங்களைக் கேட்டா வர்ற பதிலு அவங்களோடது புள்ள. இவனைக் கேட்டா வர்ற பதிலு என்னோடதுல்ல? என்ன சொல்லுவானோன்னு பயமா இருக்கு."

பயம் என்ற வார்த்தையை அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஜன்னலுக்கு வெளியே எதுவும் கண்ணில் படவில்லை.

ஷாஹிதாவின் நம்பர் என்னிடம் இருந்தது. அடிக்கலாமா வேண்டாமா என்று பல நாள் போனை எடுத்து எடுத்து வைத்தேன். அடித்தபோதும் உடனே விஷயத்துக்கு வரவில்லை. சென்னையில் மழையா என்றேன். தக்காளி என்ன விலை என்றேன். கடைசியில் அவளே, "அக்கா, என்ன விஷயம், சொல்லுங்க" என்றாள்.

"மாமி மேல ஒனக்குக் கோவமா ஷாஹிதா?" ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்.

அவள் சொன்னாள். கடைசியாக அவர்கள் வந்த பெருநாளுக்கு ஒரு வாரம் முன்னால் அவளுக்குக் கரு கலைந்திருந்தது. கருத்தரித்ததையே யாருக்கும் சொல்லாததால், கலைந்ததையும் சொல்லவில்லை. ஊருக்கு வந்து சோர்ந்து படுத்திருந்தவளைப் பார்த்து, வீடு நிறைய உறவுக்காரர்கள் இருக்கும்போது, மாமி வழக்கம்போல், "என்னம்மா, நாள் தள்ளிப்போயிருக்கா?" என்று கேட்டுவிட்டார். முகம் நிறையச் சந்தோஷத்தோடு கேட்டார். ஷாஹிதா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"கோவம் அதுக்கில்லக்கா" என்றாள். "அவங்க கொணம் தெரியும். நான் உள்ள போனதுமே ஏதோ இருக்குன்னு அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும். அப்புறம் தனியா வந்து கேப்பாங்கன்னு பாத்தேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், மடியில படுத்து அழுதிருப்பேன். கேக்கவே இல்ல. போன்லயும் கேக்கல. ஊரையே கேக்கறவங்க என்னை மட்டும் கேக்கலன்னா, நான் அவங்களுக்கு யாருமில்லன்னுதானே அர்த்தம்?"

அடுத்த நாளே லப்பைக்குடிக்காட்டுக்குப் போனேன். சொன்னேன். மாமி நின்றுகொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்தக் கதவைச் சாத்தினப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு" என்றார். "நம்ம வாயாலதான் அந்தப் புள்ளைக்கு வலிச்சுப்போச்சு, இனிமே அதுகிட்ட எதுவும் கேக்கக்கூடாதுன்னு அன்னைக்கு நெனைச்சேன். மொதமொதலா வாயை அடக்கினேன் புள்ள. அதுவா தப்பாப் போச்சு?"

மறுநாள் காலையில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைச் சென்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கண்டக்டரிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. அதுவே எனக்குக் கவலையாக இருந்தது. பஸ் கிளம்பியதும் ஷாஹிதாவுக்கு மட்டும் செய்தி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு நடந்தது ஷாஹிதா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கதவைத் திறந்தபோது மாமி கையில் பையோடு நின்றிருக்கிறார். ஸலாம் சொன்னார், உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, "நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றாராம். வாழ்க்கையில் யாரிடமும் அவர் அப்படி அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை.

"கேளுங்க மாமி" என்றாள் ஷாஹிதா.

"ரொம்ப வலிச்சுச்சாம்மா?"

ஷாஹிதா அவரைக் கட்டிக்கொண்டு அழுதது பக்கத்து பிளாட் வரைக்கும் கேட்டதாம். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். எந்த ஆஸ்பத்திரி, யார் கூட இருந்தார்கள், கனவில் என்ன வந்தது, இப்போதும் எந்த நேரத்தில் மனது கனத்துப்போகிறது என்று ஒவ்வொன்றாக மாமி கேட்கக் கேட்க, அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். இம்ரானிடம்கூடச் சொல்லாததையும் சொன்னாள்.

இம்ரானுக்கு அவள் அனுப்பிய செய்தி, 'அம்மா வந்திருக்காங்க' என்பது மட்டும்தான். அவன் ஆபீஸில் சொல்லிவிட்டுப் பாதி நாளிலேயே கிளம்பிவிட்டான். அவன் பிறகு அவளிடம் சொன்னபடி, வழியெல்லாம், வீட்டில் என்ன சண்டை நடக்கிறதோ, யார் பக்கம் பேசுவது என்று நினைத்து வியர்த்துக்கொண்டே வந்திருக்கிறான். மாடி ஏறும்போது சத்தம் ஏதும் கேட்கவில்லை. அதற்கும் பயந்தான். தன்னிடமிருந்த சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தான்.

கூடத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஒரே பாயில், ஒரே தலையணையில், இரண்டு பேரும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாமியின் கை ஷாஹிதாவின் வயிற்றின் மேல் இருந்தது. இம்ரான் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு, வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்தான். ஷூவைக் கழற்றினான். அவர்கள் எழுந்திருக்கட்டும் என்று அங்கேயே இருந்தான்.